புளோரன்ஸ் நகரின் குவிமாடம்



எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921 ஆம் ஆண்டு முதல் நிற்கும் ஒன்பது வளைவுப் பாலத்தை ஊவாவில் அறியாதார் இலர். கல், செங்கல், சீமெந்து ஆகியனவே அதன் உடல். இத்தகைய வளைவைக் கட்டுவோர் முதலில் அதன் அடியில் மரச்சட்டம் அமைப்பர். உச்சிக்கல் பொருந்தும்வரை வளைவுக்குத் தன்னைத் தாங்கும் வலிமை இல்லை. இதனை மனத்திற் கொண்டால், பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தாருக்கு நேர்ந்த இடர் எளிதில் விளங்கும்.

1296 இல் தொடங்கிய அவர்களது பேராலயத்தின் நடுப்பகுதிக்குக் கூரை இல்லை. எண்கோணமான அவ்வெளியின் அகலம் ஏறக்குறைய 45 மீற்றர். மாடம் தொடங்கவேண்டிய இடமோ தரையிலிருந்து 50 மீற்றருக்கும் மேலே. அத்துணைப் பெரிய சட்டத்துக்கு மரம் எங்கே? 1418 இல் போட்டி அறிவித்தனர். பொற்கொல்லராகப் பயின்ற பிலிப்போ புருனெல்லெஸ்கி, சட்டமே வேண்டாம் என்றார்!

1420 இல் வேலை தொடங்கியது. ஒன்றனுள் ஒன்றாக இரண்டு மாடங்கள். செங்கற்களைக் கிடையாகவே அடுக்கினால், சாய்வு மிகும்போது சாந்து இறுகுமுன் அவை வழுக்கும். ஆதலால் இடையிடையே சிலவற்றை நிமிர்த்தி வைத்து, மீன்முள் போன்ற வரிசையிற் பிணைத்தார். ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன் தன்னைத் தானே தாங்கிற்று. இவ்வாறு நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட செங்கற்கள் ஏறின. சுமை தூக்க எருதுகள் சுழற்றும் பொறி ஒன்றையும் அவரே ஆக்கினார். எருதுகளைத் திருப்பாமலே ஏற்றவும் இறக்கவும் அதன் பற்சக்கரங்கள் உதவின. கொழுந்து மூட்டைகளைக் கம்பிவடத்தில் இறக்கிய நம் தோட்டத்தார் அதன் அருமையை உணர்வர். 1436 இல் மாடம் நிறைவெய்தியது.

அதன் கூரிய வடிவம் 1367 இலேயே முடிவாகிவிட்டது; பழைய கோதிக் மரபின் சாயல் அதில் உண்டு. மறுமலர்ச்சியை வடிவத்தைவிடச் செய்முறையிலேயே தேடவேண்டும் என்பது என் கருத்து. பண்டை உரோமரின் கட்டடங்களைக் கற்று, அவர்கள் செய்யாததைச் செய்யத் துணிந்தார் புருனெல்லெஸ்கி. கண் காணும் காட்சியைக் கணித விதிப்படி பலகையில் தீட்டிக் காட்டியவரும் அவரே. உலகை அளந்தறிய மனித அறிவு வல்லது என்ற மானிடவாதிகளின் நம்பிக்கை இங்கே செங்கல்லில் நிற்கிறது. அல்பேர்ட்டி என்னும் அறிஞர் ஓவியக் கலை பற்றிய தம் நூலை இவருக்குச் சமர்ப்பித்தார். கைவினைஞர் ஒருவரை அறிஞர் சமமாக மதித்தது சிறு செய்தியன்று. கை வேறு, கல்வி வேறு என்று எண்ணி வளரும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, மன்னர்களின் போர்களுக்கு முன்னே இவ்வரலாற்றையே நான் சொல்லுவேன்.

ஆயினும் புகழ் ஒருவருக்கே சென்றது. சங்கக் கட்டணம் செலுத்தாமைக்காக 1434 இல் கொத்தர் சங்கத்தார் அவரைச் சில நாட்கள் சிறையில் வைத்தனர். ஒருவரின் உயர்வைப் பலர் விரும்பவில்லை போலும். 1446 இல் மறைந்த அவர் பேராலயத்துள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். அக்கல்லறை 1972 இல் அகழ்வில் வெளிப்பட்டது. செங்கல் அடுக்கிய கொத்தர்களை நினைப்பவர் அரியர். மானிடவாதத்தின் பெருமைக்குள் இக்குறையும் உண்டு.

பின்னர் மைக்கல் ஆஞ்சலோ திட்டமிட்ட உரோமின் புனித இராயப்பர் பேராலய மாடம் 1590 இல் நிறைவுற்றது. அதன் சாயலைக் கொழும்பில், கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்திற் காணலாம். பதுளையிலிருந்து கொழும்பு செல்லும் நேயர்கள் ஒருமுறை அதன் மாடத்தின் கீழ் நின்று அண்ணாந்து நோக்குவார்களாக.