பாலைப்பழப் பாணியும் ஒரு கரண்டி ஐஸ்கிறீமும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் அடம்பனைச் சேர்ந்த பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து டொக்டர்மாரும் சட்டத்தரணிகளும் பேசினார்கள். "நீ குசினியைப் பற்றிப் பேசு" என்று எங்கள் செயலாளர் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்தப் பாடசாலையில் நான் நல்ல புள்ளி எடுத்த ஒரேயொரு பாடம் மனைப்பொருளியல். கணிதத்தில் எடுத்த புள்ளியை இங்கே சொல்ல மாட்டேன், முன்வரிசையில் இருக்கிற ரீச்சருக்கு அது ஞாபகம் இருக்கும்.

ஐஸ்கிறீமுக்கு மேலே ஊற்றுகிற சூடான பழப்பாணியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கடையில் சிவப்புப் போத்தலில் விற்கிறார்களே, அதை அல்ல. வீட்டில் பழத்தைக் காய்ச்சி, இளஞ்சூட்டோடு ஊற்றுவது.

நான் அடம்பன் பிள்ளை. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவிலே வளர்ந்து, தள்ளாடியால் தாம்போதி கடந்து விடுதிக்கு வந்தவள். எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடி என்றால் பாலைப்பழம். வில்பத்துக் காட்டில் கரடிகள் பாலை மரத்தில் ஏறியிருப்பதும் அந்த மாதங்களில்தான். எங்களுக்கும் கரடிக்கும் ஒரே பருவம். மடு ஆடித் திருவிழாவுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கையில் ஒரு பொட்டலம் பாலைப்பழம் இல்லாமல் வரமாட்டார்கள். சின்னஞ்சிறு மஞ்சள் பழம். தின்றால் உதடு ஒட்டும். தேங்காயெண்ணெய் பூசித்தான் கழற்ற வேண்டும்.

அம்மா அந்தப் பழத்தைப் பாணி காய்ச்சுவா. ரொட்டிக்குத் தொட்டுத் தின்போம். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஐஸ்கிறீம் ஏது? சைக்கிளில் பெட்டி கட்டி மணி அடித்துக்கொண்டு வருகிறவரின் ஐஸ்பழம்தான். அதிலே ஒரு நாள் தம்பி, குச்சியிலிருந்து உருகிய ஐஸ்பழத்தைக் கோப்பையில் விட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பாணியை அதன் மேல் ஊற்றித் தின்றான். எங்கள் வீட்டில் இந்தப் பதார்த்தம் பிறந்தது அப்படி. அதற்குப் பிறகு ஐஸ்பழக்காரர் வரும் நேரம் பார்த்து அம்மா பாணியைச் சூடாக்கி வைப்பா.

2008 இல் அடம்பனை விட்டு வெளிக்கிட்டோம். அந்தக் கதை உங்களில் பலருக்கும் சொந்தக் கதை, அதனால் நான் அதில் நிற்கவில்லை. செட்டிகுளம் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது அம்மா எங்களோடு இல்லை. வீட்டுக்குக் கூரை இல்லை. பின்வளவில் மாமரம் மட்டும் நின்றது.

சில வருடம் கழித்து மின்சாரம் வந்து, பிறிட்ஜ் வாங்கி, முதல் முறையாக ஒரு லீற்றர் வனிலா ஐஸ்கிறீமை வீட்டில் வைத்தபோதுதான் தம்பி கேட்டான்: "அக்கா, அம்மான்ர பாணி காய்ச்சுவியா?"

காய்ச்சினேன். கசந்தது. சட்டியெல்லாம் பிசின் மாதிரிப் பிடித்தது. அகப்பையைக் கழுவ இரண்டு நாள். அடுத்த வருடம் சீனி கூட்டினேன். தேன் மாதிரி வந்தது, ஆனால் ஐஸ்கிறீமோடு சேர்ந்ததும் இரண்டு இனிப்பும் ஒன்றாகி, எதுவும் தெரியாமல் போயிற்று. மூன்றாம் வருடமும் அதே கதை. அம்மாவிடம் நான் ஒரு நாளும் அளவு கேட்டு எழுதி வைக்கவில்லை. என்னுடைய மனைப்பொருளியல் கொப்பியும் இடம்பெயர்வில் போய்விட்டது.

அந்த ஆத்திரத்தில் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டேன்: "யாரிடமாவது பழைய கொப்பி இருக்கா?" ரொறொன்ரோவில் இருக்கிற தோழி ஒருத்தி மறுநாள் ஒரு படம் அனுப்பினாள். விடுதியில் என்னைப் பார்த்து எழுதிய கொப்பி! என்னுடைய எழுத்துப்பிழைகள் அப்படியே இருந்தன. அன்னாசி ஜாம் பாடம். அதன் ஓரத்தில் ரீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தது இரண்டே சொல்: "அமிலம் போதாது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாக்கு குளிர்ந்திருக்கும்போது இனிப்பு குறைவாகத்தான் தெரியும். உருகிப் போன ஐஸ்கிறீமைக் குடித்துப் பாருங்கள், தாங்க முடியாத தித்திப்பு. அதனால்தான் ஐஸ்கிறீமில் ஏற்கனவே சீனி தாராளமாக இருக்கிறது. அதன் மேல் ஊற்றுகிற பாணி இன்னும் இனிப்பாக இருந்து பயன் இல்லை. புளிக்க வேண்டும். பாலைப்பழத்திலோ புளிப்பே கிடையாது. அதை நாங்கள்தான் கொடுக்க வேண்டும்.

தேசிக்காய்ப் புளி விட்டேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அம்மாவின் பாணி இல்லை. அடுத்த நாள் பழப்புளியை ஒரு சின்ன உருண்டை கரைத்து விட்டேன். தம்பி கோப்பையை வழித்துத் தின்றுவிட்டு, "புளி கொஞ்சம் கூட" என்றான். அம்மாவுக்கும் அவன் ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொல்வான். இதுதான் அவவின் பாணி என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வேறு எதையும் தேடவில்லை.

செய்முறையைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அரைக் கிலோ நன்றாகப் பழுத்த பாலைப்பழம். கழுவி, சுளகில் பரப்பி ஒரு பகல் வெயிலில் விடுங்கள். பால் அடங்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு பிசைந்து, கொட்டையும் தோலும் போக வடித்தெடுங்கள். தாச்சிக்கும் எண்ணெய் தடவ மறக்கக் கூடாது. நான் முதல் வருடம் மறந்ததால்தான் அந்த இரண்டு நாள் கழுவல். மெல்லிய நெருப்பில், கிண்டிக்கொண்டே, அகப்பையின் முதுகில் படிகிற பதம் வரும்வரை காய்ச்சுங்கள். நெல்லிக்காய் அளவு பழப்புளியின் கரைசல், ஒரு மேசைக்கரண்டி பனங்கட்டித் தூள், ஒரு கிள்ளு உப்பு. இறக்கும்போது ஒரு தேக்கரண்டி பட்டர். அது என் சேர்க்கை, அம்மாவினது அல்ல.

லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிறவர்கள் பாலைப்பழத்துக்கு எங்கே போவது என்று முகம் சுளிக்கிறீர்கள். மாம்பழம் இருக்கிறதே. கறுத்தக்கொழும்பான் கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் கிடைப்பது. இரண்டு பழத்தைச் சிறு துண்டாக வெட்டி, இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு தேசிக்காயின் புளி. ஐந்து நிமிடம் போதும், துண்டுகள் பாதி கரைந்து பாதி நிற்க வேண்டும். உறைந்த பெரிப் பழங்கள் வாங்குகிறவர்கள் ஒரு சொட்டுத் தண்ணீரும் விட வேண்டாம், அது தானாக விடும். கூடத் தண்ணியாகிவிட்டால் ஒரு தேக்கரண்டி சோளமாவைப் பச்சைத்தண்ணீரில் கரைத்து விட்டு, ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். கொதிக்காவிட்டால் மா மணக்கும்.

அன்னாசியை மட்டும் பச்சையாக ஐஸ்கிறீமில் போட்டு வைக்காதீர்கள். அதிலுள்ள நொதியம் பாலின் புரதத்தை உடைக்கும், கொஞ்ச நேரத்தில் கசக்கும். காய்ச்சினால் அந்த நொதியம் செத்துவிடும். ஜாம் பாடத்துக்கு ரீச்சர் அன்னாசியைக் கொதிக்க வைத்த அன்று இதையெல்லாம் யார் கேட்டோம்? வாசத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இனிச் சூடு. எல்லோரும் பிழை விடுகிற இடம் இது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஐஸ்கிறீம் ஒரு நொடியில் பாலாகிவிடும். கடை ஐஸ்கிறீமில் சிலவற்றில் பாதிக்குப் பாதி காற்றுத்தான், சூடு பட்டதும் அது இறங்கிப் போகும். பாணியை இறக்கி வைத்து, கைவிரல் பொறுக்கிற சூட்டுக்கு வரவிடுங்கள். கோப்பைகளை முன்கூட்டியே பிறிட்ஜின் உறைபெட்டியில் வையுங்கள். ஒரு கரண்டி ஐஸ்கிறீமுக்கு இரண்டு மேசைக்கரண்டி பாணி, அதற்கு மேல் வேண்டாம். ஊற்றியவுடன் தின்ன வேண்டும். படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டுத் தின்கிறவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

தோழி அனுப்பிய அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, பாலைப்பழப் பாணியின் அளவையும் கீழே எழுதி, இன்று காலை மனைப்பொருளியல் அறையில் கொடுத்திருக்கிறேன். வேறு யாருடைய அலுமாரியிலாவது பழைய கொப்பிகள் கிடந்தால், எறியுமுன் எங்கள் குழுவுக்கு ஒரு படம் அனுப்புங்கள். என்னுடைய கொப்பியில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பாடம் பாக்கி இருக்கிறது. எள்ளுருண்டைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் உடனே வேண்டும்.

மண்டபத்தின் பின் மேசையில் பாணி ஆறிக்கொண்டிருக்கிறது. பாலைப்பழம் ஒரு தாச்சி, மாம்பழம் ஒரு தாச்சி. ஐஸ்கிறீமைப் பெட்டியிலிருந்து எடுத்து ஐந்து நிமிடமாகிறது என்று விடுதிப் பிள்ளைகள் கை காட்டுகிறார்கள். வாருங்கள், ரீச்சர்மார் முதலில்.