அளவு பிசகாத புகையிரதம்



2010 ஆம் ஆண்டு, ஆறாந்தரப் பிள்ளைகளுக்கு 'எனது புகையிரதப் பயணம்' என்று கட்டுரை கொடுத்தேன். ஒரு மாணவன், "சாரதி ஸ்ரியறிங்கை வெட்டிப் புகையிரதத்தை வளைவில் திருப்பினார்" என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனையால் கோடு கீறிவிட்டேன். வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே தொடங்கி, 1905 இல் கொழும்புடன் தொடுக்கப்பட்ட பாதை நம்முடையது. 1990 யூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. அந்தப் பிள்ளை அப்போது பிறக்கவேயில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர்கட்டைகளும் காப்பரண்களுக்குப் போய்விட்டன. காணாததை எழுதச் சொன்ன பிழை என்னுடையது.

எங்கள் ஊரில், நீராவி இயந்திரங்களில் நெருப்பறையைக் கவனித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில், பாற்பேணித் தகரமும் சைக்கிள் கம்பியும் கொண்டு, ஒரு நீராவி இயந்திரத்தின் மாதிரியுருவைச் செய்திருந்தார். பிரித்தானியத் தேசாதிபதி சேர் தோமஸ் மெயிற்லண்டின் பெயர் தாங்கிய 251 ஆம் இலக்க இயந்திரம் அது. பிள்ளைகளை அங்கே கூட்டிச் சென்றேன்.

முன்னே நான்கு சிறிய சில்லுகள். பின்னே ஆறு பெரிய சில்லுகள். கையால் தள்ளினால் உருளைக்குள் முசலம் போய்வந்தது. பக்கத்துத் தண்டு மூன்று பெரிய சில்லுகளையும் ஒன்றாகச் சுழற்றியது.

"ஐயா, ஸ்ரியறிங் எங்கை?" என்று கேட்டான் கட்டுரை எழுதியவன்.

பெரியவர் சிரிக்கவில்லை. இயந்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்தார். "தம்பி, சில்லின்ரை உள்விளிம்பைத் தடவிப் பார். இதுதான் தண்டவாளத்தை விட்டு விலகாமல் பிடிக்கிறது. பாதைதான் திருப்பும்; சாரதி திருப்பிறதில்லை."

"எல்லாம் எப்படி அளந்தீர்கள், ஐயா?" என்றேன்.

"முப்பத்துமூன்றில் ஒரு பங்கு, மாஸ்டர். தண்டவாள இடைவெளி ஐந்தரை அடி. இதிலை இரண்டு அங்குலம். திரும்ப அளந்து பார்க்க ஊரிலை ஒரு தண்டவாளமும் இல்லை. ஞாபகத்திலை இருந்ததைத்தான் அளந்தனான். அதிலை பிழை விட்டால் பிறகு ஆர் திருத்திறது?"

நேயர்களே, இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் எனக்கு அந்தக் கேள்வி பெரிய பாடம். இழந்ததைப் பற்றி எழுதும்போது கண்ணீரைக் கூட்டுகிறோம், அளவை விட்டுவிடுகிறோம். ஊர்ப் படலையின் உயரம், கிணற்றின் ஆழம், ஒழுங்கையின் அகலம் ஆகியவற்றை அறிந்தவர் சொல்லாமற் போனால், அறியாதவன் ஸ்ரியறிங் பூட்டித்தான் எழுதுவான். அவன்மேல் குற்றமில்லை.

2014 ஒக்ரோபர் 13 அன்று புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. பெரியவரை நிலையத்துக்குக் கூட்டிச் சென்றவன் அந்த மாணவன்தான். எல்லோரும் கொடிகளையும் கூட்டத்தையும் பார்த்து நிற்க, அவர்கள் இருவரும் குனிந்து சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.