காக்கியுடையும் வோட்டுப் பெட்டியும்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்து வாலிபர் ஒருவர் போலீஸ் இலாகாவில் உயர்பதவி பெற்றாரெனில் நாம் மாலை சூட்டி மகிழ்கின்றோம். அவர் அப்பதவியை விட்டு விலகிச் சட்டசபைக்கு நிற்கின்றேன் என்றாலோ, ஒன்றையும் ஆராயாது நம் வோட்டு அவருக்கே என்று வாக்களித்து விடுகின்றோம். இது தகுமா? நம்மவரைக் கொண்டு இதனை ஆராயப் புகின் பற்று நம் கண்ணை மறைக்கும். ஆதலின் டில்லியில் 2015ஆம் ஆண்டு நடந்த தேர்தலை எடுத்துக்கொள்வோம்.

ஸ்ரீமதி கிரண் பேடி அவர்கள் 1972இல் இந்தியப் போலீஸ் சர்வீஸில் சேர்ந்த முதற் பெண்மணியாவர். 1993 முதல் 1995 வரை திகார் சிறையின் தலைமையை ஏற்று, கைதிகளுக்குக் கல்வியும் தியானப் பயிற்சியும் அளித்தார். 1994இல் மகசேசே பரிசு அவரைத் தேடி வந்தது. மறுபுறம், 1988இல் தீஸ் ஹசாரி நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் மீது நடந்த தடியடி அவர்மேல் மாறாத குறையாக நின்றது. 2007இல் தாமே ஓய்வு பெற்றார். 2011இல் ஊழலொழிப்புக் கிளர்ச்சியில் முன்னின்றார்.

இத்தகையவர் 2015 ஜனவரி 15இல் பாரதீய ஜனதா கட்சியில் சேர்ந்தார். நான்கு நாட்களில் முதன்மந்திரி பதவிக்குரிய அபேட்சகராக அறிவிக்கப்பட்டார். வோட்டெடுப்போ பிப்ரவரி 7இல். ஆக, அவருக்குக் கிடைத்தவை 23 நாட்களே! அவர் நின்ற கிருஷ்ண நகர், 1993 முதல் ஐந்து பொதுத் தேர்தல்களில் அக்கட்சி தொடர்ந்து வென்ற தொகுதி. அங்கும் 2,277 வோட்டுகளில் அவர் தோல்வியுற்றார். மொத்தம் 70 இடங்களில் ஆம் ஆத்மி கட்சி 67 இடங்களைக் கைப்பற்றியது.

அவ்வலையே தோல்விக்கு முதற்காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒன்றைக் கருதுங்கள். எதிர்த்தலைவர் ஸ்ரீ அரவிந்த் கேஜ்ரிவாலும் வரி இலாகா உத்தியோகத்தை விட்டு வந்தவரே. அவரோ 2012இல் கட்சி தொடங்கித் தெருத் தெருவாகத் திரிந்தவர். 2014இல் 49 நாட்களில் ஆட்சியைத் துறந்ததற்காக ஜனங்களிடம் மன்னிப்பும் வேண்டினார். உத்தியோகஸ்தர் ஆணையிட்டால் கீழோர் பணிவர். அபேட்சகரோ குடிசை வாயிலில் நின்று கேட்டல் வேண்டும். முன்னதில் நாற்பதாண்டு பழகினும் பின்னது தானே வந்துவிடாது.

சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டே சட்டசபைக்கு நிற்றலாகாது என்பது விதி. ஆயின் விலகிய மறுநாளே நிற்பதற்குத் தடையில்லை. சில காலம் காத்திருக்க வேண்டுமென்று தேர்தல் கமிஷன் 2012இல் கூறிய யோசனை ஏற்கப்படவில்லை; 2022இல் சுப்ரீம் கோர்ட்டும் அதனைச் சட்டமியற்றுவோர் பொறுப்பென்று விட்டுவிட்டது. எனவே, சட்டம் கேளாத கேள்விகளை வோட்டர்களாகிய நாமே கேட்டாக வேண்டும்.

அன்பர்களே! காக்கியுடையைக் களைந்த ஒருவர் நம் வாயிலுக்கு வருங்கால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பதவியிலிருந்தபோது ஏழையின் புகாரையும் செல்வரின் புகாரையும் ஒப்ப ஏற்றாரா? எக்கட்சிக்கும் சாயாது நடந்தாரா? பதவி நீங்கிய பின் எத்தனை நாள் நம் தெருவில் நடந்தார்? நம்மவரா என்னும் கேள்வி இம்மூன்றுக்கும் பின்னரே எழத்தக்கது. அவ்வாறன்றிக் குலப்பற்றொன்றே கருதி வோட்டளிப்போமாயின், பிற குலத்தார் நம் உத்தியோகஸ்தரிடம் நியாயம் கிடைக்குமென்று எங்ஙனம் நம்புவர்? பணியிலிருக்கும் நம் பிள்ளைகளின் நற்பெயரன்றோ அதனாற் கெடும்!

வாலிபர்களே! போலீஸ் உத்தியோகத்தை நாடுங்கள். அதனைச் சட்டசபைக்கு ஏறும் ஏணியாக மட்டும் எண்ணாதீர்கள். பெரியோர்களே! மாலை சூட்டுங்கள், வோட்டை மட்டும் மாலையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். இதுவே நமது பணிவான விண்ணப்பம்.