எதை மாற்றுவது, எதை வைத்திருப்பது?

பொறியொன்று பழுதடைந்தால், "எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுக" என்பார் ஒருவர். "ஓடும் வரை ஓடட்டும்" என்பார் வேறொருவர். முன்னவர் பணத்தை வீணாக்குகின்றார். பின்னவர் பொறியையே வீணாக்குகின்றார். இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள வழி யாது? சுழலி எஞ்சினைப் புதுக்கும் வேலை இவ்வினாவுக்கு நல்ல விடை தருகின்றது.

மோட்டார்க் கார்களின் சாதாரண எஞ்சினிலே பிஸ்டன்கள் முன்னும் பின்னுமாக ஓடுகின்றன. சுழலி எஞ்சினிலோ முக்கோண வடிவான சுழலியொன்று, இடை சற்றே ஒடுங்கிய நீள்வட்ட அறையினுள்ளே சுழல்கின்றது. ஜேர்மனியரான பீலிக்ஸ் வாங்கல் கண்ட இவ்வெஞ்சின், 1957 ஆம் ஆண்டில் முதன்முதலாக இயங்கிற்று. சுழலியின் மூன்று முனைகளிலும் மெல்லிய சீல்கள் உள. அறைச் சுவரை இடைவிடாது தடவிச் சென்று, வாயு கசியாது காப்பவை இவையே.

மஸ்டா கார்களைச் செய்யும் ஹிரோசிமா நகரத்து நிறுவனத்தார் இவ்வெஞ்சினை ஆராய்ந்த தொடக்க காலத்தில், முனைச் சீல்கள் அதிர்ந்து சுவரில் அலையலையான வடுக்களை உண்டாக்கின. அவற்றைப் பேயின் நகக்கீறல் என்றே பொறியியலாளர் அழைத்தனர். யமமோட்டோ கெனிச்சியின் தலைமையிலே உழைத்த குழுவினர், அலுமினியம் ஊட்டிய கரியினாற் சீல் செய்து அக்குறையை வென்றனர். 1967 இல் கொஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. பின்னர் வந்த ஆர்.எக்ஸ். 7 கார், 1978 முதல் 2002 வரை உற்பத்தியாயிற்று. அக்கார்களின் எஞ்சின்களைப் பிரித்துப் புதுக்குவோர் இன்றும் உளர்.

இவ்வெஞ்சின் அடுக்கடுக்காக அமைந்தது. அடுக்குகள் அனைத்தையும் நீண்ட திருகாணிகள் இறுக்கிப் பிடிக்கின்றன. அடுக்குகளிடையே, குளிர்விக்கும் நீரைத் தடுத்து நிற்பவை இறப்பர் வளையங்கள். விலையிற் சிறியவை அவை. ஆனால் ஒன்று கெட்டாலும் எரியறையுள் நீர் புகும். அதனை மாற்ற எஞ்சின் முழுவதையும் மீண்டும் பிரித்தல் வேண்டும். ஆகவே பார்வைக்குப் பழுதற்றனவாயினும், பழைய இறப்பர் வளையங்களைத் தேர்ந்த தொழிலாளி திரும்பப் பூட்டுவதில்லை.

முனைச் சீலின் செய்தி வேறு. பிற்கால ஆர்.எக்ஸ். 7 இன் புதிய சீல் 8 மில்லிமீற்றர் உயரமுடையது. தேய்மானம் கையேடு விதித்த எல்லையைத் தாண்டியதா என்பதை நுண்ணளவு கருவியே சொல்லவேண்டும். கண் சொல்லுதல் ஆகாது. தளர்ந்த சீல் முறிந்தால் அதன் துண்டு குரோமியம் பூசிய சுவரைக் கிழித்துவிடும். சிறு சீலை மிச்சம் பிடித்தவர் பெரிய உறையை இழப்பார்.

இனி, புதிய சீல் மட்டும் போதுமா? சுவரின் குரோமியம் உரிந்திருப்பின், அங்கே புதிய சீலும் விரைவிலே தேய்ந்துபோம். சீல் அமரும் பள்ளம் அகன்றிருப்பின், அது பள்ளத்திலே ஆடும். ஆதலின் ஓர் உறுப்பை ஆராய்பவர், அது உராயும் உறுப்பையும் உடன் ஆராய்தல் வேண்டும். வார்ப்பிரும்பாலான பக்கத் தட்டுகளையும் இவ்வாறே அளந்து பார்த்தல் முறை.

அளவிலே குறை காணப்படாத நடுத்தண்டையும் பற்சக்கரங்களையும் மாற்றவேண்டியதில்லை. அவற்றைக் கழுவித் துடைத்து, முன்னிருந்த இடத்திலேயே வைத்தல் தகும். திரும்பப் பயன்படும் சீல்களையும், எதனை எப்பள்ளத்திலிருந்து எடுத்தனர் என்று குறித்து, அவ்விடத்திலேயே பொருத்துவர். ஒன்றோடொன்று பழகித் தேய்ந்தவற்றைப் பிரித்துக் கலத்தல் நன்றன்று.

இவற்றிலிருந்து தெளிவாவது ஒன்று. ஓர் உறுப்பை மாற்றுவதா, வைத்திருப்பதா என்பதை அதன் விலையைக் கொண்டு தீர்மானித்தல் கூடாது. அது கெட்டால் எவற்றையெல்லாம் கெடுக்கும் என்பதைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும். சிக்கனம் என்பது செலவைச் சுருக்குதல் மட்டுமன்று. செலவு செய்யவேண்டிய இடத்தை அறிதலுமாகும்.