'வருகலாமோ': ஒரு பாட்டின் பயணம்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு எமது பள்ளியின் ஆண்டு விழாவிற்காக மாணவியர் சிலருக்குக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'வருகலாமோ' என்னும் பாடலைப் பயிற்றுவித்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, கோயிலுக்குப் போக நந்தனார் ஏன் அனுமதி கேட்க வேண்டும்? நான் இதைப் பாட மாட்டேன்" என்றாள். பல்லாண்டு ஆசிரியப் பணியாற்றிய எமக்கு அன்று விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இன்றைய உரை.

நந்தனார் வரலாற்றை விரித்துரைத்தவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் பெருமான். பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் ஆதனூர்ச் சேரியில் பிறந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்து வந்தவர். அவர் அளித்த தோல் கோயிலுக்குள்ளே முழங்கியது. அளித்தவரோ வெளியே நின்றார். ஆனால் சேக்கிழார் நூலில் நந்தனாரைத் தடுக்கும் பண்ணையார் எவரும் இல்லை.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்த பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் அக்கதைக்குள் வேதியர் என்னும் நிலக்கிழாரைக் கொணர்ந்தார். 40 வேலி நிலத்தையும் பயிரிட்டு அறுவடை முடித்த பின்னரே சிதம்பரம் செல்லலாம் என்பது அவருடைய கட்டளை. இது வெறுங் கற்பனையன்று. தஞ்சைப் பண்ணையாள் முறையின் நேர்முகப் படம். ஆண்டையின் களத்து வாயிலில் விடை கேட்டு நின்றவர்கள் நம் பாட்டன்மார் அல்லரோ? காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரியாயிருந்த சீசய்யா என்பாரின் உதவியால் 1861இல் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' அச்சேறியது.

மாஞ்சி இராகத்தில் அமைந்த 'வருகலாமோ', தில்லையின் எல்லையில் நின்று நந்தன் இறைவனிடம் விடுக்கும் வினா. சொல்லின் இறுதியில் நிற்கும் ஓகாரம் வினாப் பொருளது. அந்த ஓர் எழுத்திலே ஒரு சமுதாயத்தின் தயக்கம் முழுவதும் அடங்கியுள்ளது.

நந்தன் கதை கதாகாலட்சேப மேடையிலிருந்து கச்சேரி மேடைக்கும், அங்கிருந்து திரைப்படத்திற்கும் சென்றது. 1935இல் வெளிவந்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்தனர். சுந்தராம்பாளுக்கு அளிக்கப்பட்ட ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்பர். 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில், நம் திருச்செங்காட்டங்குடியில் பிறந்த எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராகத் தோன்றிப் பாடினார். அவர்கள் இசையைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. நந்தன் துயரைப் பாடியவர்கள் புகழ் பெற்றனர். அத்துயரில் வாழ்ந்தவர்களின் குரலோ இசைத்தட்டில் ஏறவில்லை என்பதே எம் கருத்து.

கடல் கடந்த நாட்டிலும் இத்தகைய செய்தி உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி நாட்டில், பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே 'ப்ளூஸ்' என்னும் சோக இசை பிறந்தது. அம்மாநிலத்தவரான ஆர்தர் குருடப் என்னும் கறுப்பினப் பாடகர் 1946இல் 'தட்ஸ் ஆல் ரைட்' என்ற தம் பாடலைப் பதிவு செய்தார். 1954இல் அதே பாடலை எல்விஸ் பிரெஸ்லி என்னும் வெள்ளை இளைஞர் பாடினார். அதுவே அவர் உலகப் புகழுக்கு முதற்படியாயிற்று. குருடப்போ உரிய பங்குத்தொகை பெறாமலே, கூலி வேலையும் செய்து வாழ்ந்து 1974இல் மறைந்தார். அங்கே பாட்டை இயற்றியவர் உழைப்பாளி, பயன் பிறருக்கு. இங்கே துன்பம் நம்முடையது, பாட்டைப் பாடிப் புகழ் பெற்றவர் பிறர். இரு வயல்களிலும் விதைத்தவன் வேறு, அறுத்தவன் வேறு.

எம் பாட்டியார் டூரிங் கொட்டகையில் 'நந்தனார்' படம் பார்த்தவர். நடவு வயலில் அம்மெட்டிலே தம் சொந்தச் சொற்களை இட்டுப் பாடுவார். பெண்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். கோயிலைப் பற்றியன்று, கூலி நெல்லைப் பற்றிய பாட்டு அது. யாம் பட்டம் பெற்றோம். ஆசிரியப் பயிற்சியும் பெற்றோம். ஆயினும் அப்பாட்டை எழுதி வைக்கவில்லை. பாட்டியார் மறைந்தார். இன்று மெட்டு மட்டுமே நினைவில் நிற்கிறது. இக்குற்றம் எம்முடையது.

நந்தன் தீயில் புகுந்து தூயவரானார் என்பது பழங்கதை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்ட பின்பு, இம்மண்ணில் எவரால் அக்கதையைப் பழையபடி பாட முடியும்? இந்திரா பார்த்தசாரதி 1978இல் எழுதிய 'நந்தன் கதை' நாடகம் அத்தீயை ஆதிக்கத்தின் சூழ்ச்சியாகவே காட்டிற்று.

ஆயின் நந்தன் வினாவுக்கு விடைதான் என்ன? 1947இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட ஆலயப் பிரவேசச் சட்டம் ஒரு விடை. அதற்கு முப்பத்தோராண்டு முன்னரே வேறொரு விடை அளித்தவர் சுவாமி சகஜானந்தர். 1916இல் சிதம்பரத்தில் அவர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். எந்தத் தில்லையின் எல்லையில் நந்தன் வினவி நின்றானோ, அந்தத் தில்லையிலேயே அவன் பெயரால் பள்ளிக்கூடம் எழுந்தது. அங்கே நம் பிள்ளைகள் 'வருகலாமோ' என்று கேட்க வேண்டியதில்லை. வந்து அமர்ந்தால் போதும். நம் கழகத்தின் இருபத்தைந்தாண்டுப் பணியும் அவ்வழி வந்ததே.

அம்மாணவி இறுதிவரை அப்பாடலைப் பாடவில்லை, யாமும் வற்புறுத்தவில்லை. தோழியர் பாடுமுன் அவள் மேடையேறி, இப்பாட்டின் வரலாற்றை எழுதி வாசித்தாள். அதன்பின் பாடலைக் கேட்டோர், நந்தன் ஏன் கேட்டான் என்பதை அறிந்து கேட்டனர்.

இளைஞர்களே! இவ்வெள்ளி விழா ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு எடுங்கள். உங்கள் தெருவின் மூதாட்டியரிடம் அமர்ந்து நடவுப் பாட்டையும், தாலாட்டையும், ஒப்பாரியையும் எழுதுங்கள். கைப்பேசியில் குரலையும் பதியுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் தவறாது குறியுங்கள். நாளை எவர் அப்பாட்டைப் பாடினாலும், அது யாருடையது என்பதற்கு நம் கையெழுத்தே சான்றாகட்டும்.