பொடிமீன் கூறுக்குள் என்ன இருக்கு?

பரங்கிப்பேட்டை வெள்ளாறு மாதிரி முகத்துவாரங்களில் சின்னக்கண்ணி வலையில் ஏறும் பொடிமீன் எல்லாம் ஒரே இனம்னு நினைக்காதீங்க. கடலில் பிறந்து, வளர்வதற்காக ஆற்றுக்குள் வரும் மடவை, கொடுவா, பால்கெண்டைக் குஞ்சுகளும் அதில் கலந்திருக்கும்.

கொடுவா முதலில் ஆண். சில வருஷம் வளர்ந்த பிறகுதான் பெண்ணாக மாறும். குஞ்சிலேயே பிடிச்சுட்டா முட்டையிடத் தாய்மீன் ஏது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை, கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்குத்தான்.

அதனால் கூறு வாங்கும் முன் போனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்க. பழுப்பு உடம்பு, தலையில் வெள்ளைக்கோடு, வட்ட வால் இருந்தா கொடுவாக் குஞ்சு. வாங்காதீங்க. வாங்க ஆளில்லைன்னா அந்த வலையும் இறங்காது.