யுத்தத்தைத் தேடிக்கொள்வது ஏன்?

(வாசகசாலை ஆண்டுக் கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "ஜனங்கள் சமாதானத்தை விட்டு யுத்தத்தைத் தேடிக்கொள்வது ஏன்?" என்பதாகும். இதைப்பற்றிப் பேச நான் பெரிய பண்டிதனுமல்ல. சர்வகலாசாலையில் பட்டம் பெற்றவனுமல்ல. கைக்கு அகப்பட்ட புத்தகங்களைப் படித்தும், கண்ணால் கண்டதை யோசித்தும் எனக்குப் பட்டதையே சொல்லப் போகிறேன். சரியென்று தோன்றினால் ஏற்றுக் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! "மழை வந்தது", "காய்ச்சல் வந்தது" என்று சொல்வது போலவே "யுத்தம் வந்தது" என்றும் சொல்லுகிறோம். மழை தானாக வரும். யுத்தம் தானாக வருமா? ஒருவன் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவன் பணம் ஒதுக்க வேண்டும். ஒருவன் துப்பாக்கி செய்ய வேண்டும். ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இத்தனை பேரையும் பார்த்து ஊரார் கை தட்ட வேண்டும். இவ்வளவு பேர் மெனக்கெட்டுச் செய்கிற ஒரு காரியத்தை விதி என்றும், கடவுள் சித்தம் என்றும், மனித சுபாவம் என்றும் சொல்லுவது புத்திசாலித்தனமாகுமா?

சுபாவம் என்றே வைத்துக் கொள்ளுவோம். பசித்தவனைச் சாப்பிடச் சொல்லி யாராவது சட்டம் போடுகிறார்களா? ஆனால் சண்டைக்கு ஆள் பிடிக்கச் சட்டம் வேண்டியிருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த மகா யுத்தத்தில், ஓடிப் போனதற்காகவும், பயந்ததற்காகவும், இவை போன்ற குற்றங்களுக்காகவும் பிரிட்டிஷ் பட்டாளம் தன் சொந்தச் சிப்பாய்களையே 300 பேருக்கு மேல் கட்டி வைத்துச் சுட்டது. அவர்களில் 306 பேருக்கு 2006ஆம் வருஷத்தில்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. கொல்லுவது மனித சுபாவமானால், கொல்ல மறுத்தவனைக் கொல்ல வேண்டிய அவசியம் என்ன? மார்கரெட் மீட் என்ற அம்மையார் பல தேசத்து ஜனங்களின் வாழ்க்கையை ஆராய்ந்து, யுத்தம் என்பது மனிதன் கண்டுபிடித்த ஒரு வழக்கமேயன்றி உடம்போடு பிறந்த குணமல்ல என்று 1940லேயே எழுதினார்.

எங்கள் வீட்டு வரப்பு

பெரிய யுத்தத்தைப் பற்றிச் சொல்லுவதற்கு முன் சின்ன யுத்தம் ஒன்றைச் சொல்லுகிறேன். என் தகப்பனாருக்கும் என் பெரியப்பாவுக்கும் ஒரு வரப்பைப் பற்றித் தகராறு வந்தது. ஒன்றரை முழ அகலமுள்ள வரப்பு. அதற்காகப் பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். வாய்தாவுக்கு வாய்தா வக்கீல் பீஸ், குமாஸ்தாவுக்குப் படி, பஸ் செலவு, ஓட்டல் செலவு எல்லாம் சேர்ந்து அந்த வரப்பின் விலையைப் போல நூறு பங்கு ஆயிற்று. கடைசியில் ஆளுக்கு அரை ஏக்கர் விற்றுக் கடனை அடைத்தார்கள். வரப்பும் அந்த அரை ஏக்கரோடேயே போய்விட்டது.

முதல் நாளே வரப்பைப் பாதியாகப் பிரித்திருந்தால் இரண்டு பேருக்கும் லாபம். இது இரண்டு பேருக்கும் தெரியும். பின் ஏன் செய்யவில்லை? நான் பெரியவனான பின் யோசித்துப் பார்த்ததில் நான்கு காரணங்கள் தெரிந்தன. ஒன்று, "ஜெயம் நிச்சயம்" என்று இரண்டு வக்கீலும் சொன்னார்கள். இரண்டு, "இன்று வரப்பை விட்டால் நாளைக்குக் கிணற்றைக் கேட்பான்" என்ற பயம். மூன்று, "விடாதே" என்று திண்ணையில் உட்கார்ந்து தூபம் போட்டவர்களுக்கு ஒரு காசு செலவில்லை. நான்கு, "விட்டுக் கொடுத்தால் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?" என்ற வீண் வீறாப்பு.

1914இல் நடந்தது என்ன?

இப்போது அய்ரோப்பாவுக்கு வாருங்கள். 1914 ஜூன் 28ந் தேதி செரயேவோ என்ற ஊரில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசரையும் அவர் மனைவியையும் 19 வயதுப் பையன் ஒருவன் சுட்டுக் கொன்றான். செர்பியா தேசத்துக்கு இதில் கை இருக்கிறது என்று ஆஸ்திரியா ஜூலை 23ந் தேதி 48 மணி நேரக் கெடு வைத்து நிபந்தனைகள் விதித்தது. செர்பியா பெரும்பாலானவற்றுக்கு இணங்கிப் பதில் கொடுத்தது. அந்தப் பதிலை 28ந் தேதி காலையில் படித்த ஜெர்மன் கெய்சரே, இனி யுத்தத்துக்குக் காரணமில்லை என்று குறிப்பு எழுதினார். அதே நாளில் ஆஸ்திரியா யுத்தப் பிரகடனம் செய்தது! ஒரு வாரத்துக்குள் ருஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் எல்லாம் சிக்கிக் கொண்டன.

இங்கேயும் அதே நான்கு காரணங்கள்தான். சில வாரங்களில் பிரான்சை முடித்துவிடலாம் என்று ஜெர்மன் தளபதிகள் திட்டம் வைத்திருந்தார்கள். ஜெயம் நமக்கே என்று மற்றவர்களும் நம்பினார்கள். ருஷ்யாவின் பட்டாளமும் ரயில் பாதைகளும் 1917க்குள் பலமாகிவிடும், ஆகையால் இப்போதே அடித்துவிட வேண்டும் என்று ஜெர்மனி பயந்தது. கிணற்றைக் கேட்பான் என்ற பயம் இதுதான். முடிவு செய்த ராஜாக்களும் மந்திரிகளும் பதுங்கு குழியில் படுக்கப் போவதில்லை. கடைசியாக வல்லரசு என்ற கௌரவம்.

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் ராஜாவும் ஜெர்மன் கெய்சரும் விக்டோரியா மகாராணியின் பேரன்மார். ருஷ்ய ஜாரின் தாயாரும் பிரிட்டிஷ் ராஜாவின் தாயாரும் உடன்பிறந்தவர்கள். கெய்சரும் ஜாரும் கடைசி நாட்களிலும் "வில்லி", "நிக்கி" என்று செல்லப் பெயரிட்டுத் தந்தி அடித்துக் கொண்டார்கள். உறவு முறைக்குக் குறைவில்லை. செத்தவர்கள் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளைகள். சிப்பாய்களில் மாத்திரம் 90 இலட்சத்துக்குக் குறையாது. இந்தியாவிலிருந்து கடல் கடந்து அனுப்பப்பட்டவர்கள் 10 இலட்சத்துக்கு மேல். அவர்களில் 70,000 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். செரயேவோ எங்கே இருக்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

கடவுள் எந்தக் கட்சி?

"கடவுள் நம்முடன்" என்ற வாசகம் ஜெர்மன் சிப்பாயின் இடுப்புப் பட்டையில் பொறித்திருந்தது. அதே கடவுளை, அதே வேத புத்தகத்தை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் பாதிரிமார்களும் ஜெபம் செய்தார்கள். 1914 நவம்பரில் துருக்கி சுல்தான் இது புனிதப் போர் என்று அறிவித்தார். அவருக்குக் கூட்டாளியோ கிறிஸ்தவ ஜெர்மனி! எல்லாப் பட்டாளத்துக்கும் கடவுள் துணையிருந்தும் ஒரு பட்டாளத்துக்காவது குண்டு படாமல் இருந்ததா? கொலை என்று சொன்னால் மனம் கூசும். தர்ம யுத்தம் என்றால் கூசாது. மதம் யுத்தத்துக்குச் செய்த உதவி இதுதான்.

மதம் மாத்திரமா? தொழிலாளி கட்சிகளும் ஏமாந்தன. ஜெர்மன் பார்லிமெண்டில் பெரிய கட்சியாக இருந்த சமூக ஜனநாயகக் கட்சி ஜூலைக் கடைசியில் யுத்தம் கூடாதென்று கூட்டம் போட்டது. ஆகஸ்டு 4ந் தேதி யுத்தச் செலவுக்கு ஓட்டுக் கொடுத்தது. பிரான்சில் சமாதானத்துக்காக உழைத்த ழான் ழோரஸ் ஜூலை 31ந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

பகைவன் பிறப்பதில்லை, செய்யப்படுகிறான்

தோழர்களே! நான் சிறு பையனாக இருந்தபோது பெரியப்பா மகனோடு கோலி விளையாடினதற்காக என் தகப்பனார் என்னை அடித்தார். "அவன் பகையாளி பிள்ளை" என்றார். முந்தின வருஷம் வரை அவன் எனக்கு அண்ணன். அவன் முகமா மாறிற்று? அவனுக்கு வைத்த பெயர்தான் மாறிற்று.

தேசங்களின் கதையும் இதுதான். அலெக்சாண்டர் வென்ட் என்ற பேராசிரியர் 1992இல் ஒரு கட்டுரை எழுதினார். தேசங்களுக்கு மேலே ஒரு சர்க்கார் இல்லை, ஆகையால் அவை அடித்துக் கொண்டுதான் தீரும் என்று பெரிய நிபுணர்கள் சொல்லி வந்தார்கள். அப்படியல்ல, ஒன்றையொன்று என்னவாக நினைத்துப் பழகுகின்றனவோ அதைப் பொறுத்ததே சண்டையும் சமாதானமும் என்றார் அவர். பிரிட்டனிடம் அணுகுண்டுகள் நூற்றுக்கணக்கில் இருந்தும் அமெரிக்காவுக்குப் பயமில்லை. வடகொரியாவிடம் அய்ந்து இருந்தால் பயம். குண்டு ஒன்றுதான்; எண்ணம் வேறு.

பிரான்சையும் ஜெர்மனியையும் பாருங்கள். 1870, 1914, 1940 ஆக எழுபது வருஷத்தில் மூன்று முறை சண்டை. "பரம்பரைப் பகைவன்" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மனத்தில் பதிய வைத்தார்கள். இரண்டாவது மகா யுத்தம் முடிந்த பின், 1951இல் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தில் வைக்க மற்றும் நான்கு தேசங்களோடு சேர்ந்து ஒப்பந்தம் செய்தார்கள். 1963இல் நட்பு ஒப்பந்தம் செய்து வாலிபர்களை ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு அனுப்பிப் பழக விட்டார்கள். 1945க்குப் பின் அவர்களுக்குள் ஒரு குண்டு வெடிக்கவில்லை. அவர்கள் ரத்தம் மாறிற்றா? ரைன் நதி இடம் பெயர்ந்ததா? ஒன்றுமில்லை. பிறவியில் ஒருவன் தாழ்ந்தவன் என்பது எவ்வளவு பொய்யோ, பிறவியில் ஒருவன் பகைவன் என்பதும் அவ்வளவு பொய்.

1914 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரான்ஸ், பெல்ஜியம் போர்முனையில் பல இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மன் சிப்பாய்கள் குழியை விட்டு எழுந்து வந்து கை கொடுத்து, சுருட்டு மாற்றிக்கொண்டு, செத்தவர்களை அடக்கம் செய்தார்கள். இதைக் கேட்ட மேலதிகாரிகள் திடுக்கிட்டார்கள். அடுத்த வருஷம் அப்படி நடக்கக் கூடாதென்று கண்டிப்பான உத்தரவு. ஏன்? முகம் பார்த்துப் பேசிவிட்டால் சுட மனம் வராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பெண்களைக் கேட்டார்களா?

எங்கள் வரப்பு வழக்கு நடந்த பதினோரு வருஷமும் என் தாயாரும் பெரியம்மாளும் கொல்லை வேலி வழியாகக் குழம்பும் உப்பும் கொடுத்து வாங்கிக் கொண்டிருந்தார்கள். திருட்டுத்தனமாகத்தான். நகை அடகுக்குப் போனது அவர்கள் கழுத்திலிருந்து. "வழக்கை விடலாமா?" என்று ஒரு நாளாவது யாராவது அவர்களைக் கேட்டதில்லை.

1914இல் யுத்தத்தைத் தீர்மானித்த ஆஸ்திரியா, ஜெர்மனி, ருஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய அய்ந்து வல்லரசுகளில் ஒன்றின் பார்லிமெண்டுத் தேர்தலிலாவது பெண்ணுக்கு ஓட்டில்லை. 1915 ஏப்ரலில் 12 தேசங்களிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் ஹேக் நகரில் கூடினார்கள். ஜேன் ஆடம்ஸ் அம்மையார் தலைமை வகித்தார். சண்டையில் சேராத தேசங்கள் மத்தியஸ்தம் செய்ய வேண்டும், பெண்ணுக்கு ஓட்டு வேண்டும் என்று தீர்மானித்து, சர்க்கார்களின் வாசலுக்கே தூது போனார்கள். மந்திரிகள் மரியாதையாகக் கேட்டுக் கொண்டார்கள், அவ்வளவுதான். யுத்தம் இன்னும் மூன்றரை வருஷம் நடந்தது.

இதனால் பெண்கள் பிறவியிலேயே சாந்த ஸ்வரூபிகள் என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் ஒரு பொய். 1914 ஆகஸ்டில் பிரிட்டனில் ஓய்வு பெற்ற கப்பற்படைத் தளபதி ஒருவர், பட்டாளத்தில் சேராத ஆண்களுக்குக் கோழைப் பட்டமாக வெள்ளை இறகு கொடுக்கும்படி பெண்களைக் கிளப்பி விட்டார். அவர்களும் தெருத் தெருவாகக் கொடுத்தார்கள். ஓட்டுரிமைக்குப் போராடிய பாங்ஹர்ஸ்ட் குடும்பத்தில் தாயார் எம்மலின் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தார். மகள் சில்வியா எதிர்த்தார். எனவே குணம் பிறப்பில் இல்லை; பழக்கத்தில் இருக்கிறது.

பெண்ணுரிமை ஆராய்ச்சியாளர்கள் இன்று சொல்லுவதும் இதுதான். "ஆண்மை" என்றால் அடிப்பது, "பெண்மை" என்றால் அழுவது என்று வகுத்து வைத்திருக்கும் வரையில் யுத்தத்துக்கு ஆள் பஞ்சம் வராது. விட்டுக் கொடுத்தால் "வளையல் போட்டுக்கொள்" என்கிறோமே, அது வெள்ளை இறகு இல்லாமல் வேறென்ன?

நம் பெருமையையும் கொஞ்சம் பார்த்துக் கொள்ளுவோம். புறமுதுகு காட்டினான் மகன் என்று கேட்டு வாளோடு களத்துக்குப் போன தாய், அவன் உடல் சிதைந்து செத்துக் கிடந்ததைக் கண்டு பெற்ற நாளைவிட மகிழ்ந்தாள் என்று புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. பாடியவரும் ஒரு பெண்பாற் புலவர். மேடைக்கு மேடை இதைச் சொல்லிக் கை தட்டுகிறோம். பிள்ளை செத்ததற்குத் தாய் சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தது யார் என்று ஒரு நாளாவது கேட்டோமா? 1914 செப்டம்பர் 22ந் தேதி இரவு சென்னையில் குண்டு போட்டுப் போன கப்பலின் பெயரைக்கூட, கெட்டிக்காரனுக்குப் பட்டமாக்கி "எம்டன்" என்று மெச்சுகிறவர்கள் நாம்!

ஓர் ஆட்சேபணை

"அப்படியானால் ஹிட்லர் வந்தபோது கையைக் கட்டிக் கொண்டிருக்க வேண்டுமா?" என்று ஒரு தோழர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. வீட்டில் புகுந்து அடிப்பவனைத் தடுப்பது குற்றமென்று நான் சொல்லமாட்டேன். போலந்துக்காரர்கள் 1939இல் யுத்தத்தைத் தேடிக்கொள்ளவில்லை. அது அவர்கள் மேல் ஏவப்பட்டது. ஆனால் ஹிட்லர் ஆகாயத்திலிருந்தா குதித்தான்? 1918இல் ஜெர்மனி களத்தில் தோற்கவில்லை, உள்ளேயிருந்த யூதர்களும் பொதுவுடைமைக்காரர்களும் முதுகில் குத்திவிட்டார்கள் என்ற கட்டுக்கதையை இருபது வருஷம் ஊட்டி வளர்த்தார்கள். அந்தக் கதையை முதலிலேயே விசாரித்துத் தள்ளியிருந்தால் பின்னால் அத்தனை பிணம் விழுந்திருக்குமா? பீரங்கி முழங்கிய பின் பகுத்தறிவு பேசிப் பயனில்லை. பொய் முளைக்கும்போதே பேச வேண்டும்.

வழி உண்டு

யுத்தம் ஒழியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். 1804இல் அமெரிக்காவில் உதவி ஜனாதிபதியாக இருந்த ஆரன் பர், அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற பெரிய அரசியல்வாதியை மானத்துக்காக நடந்த ஒற்றைச் சண்டையில் சுட்டுக் கொன்றார். அக்காலத்துக் கனவான்களுக்கு அது கௌரவம். இன்று அப்படிச் செய்தால் பைத்தியம் என்பார்கள். மனிதன் ஏற்படுத்திய வழக்கத்தை மனிதனே விடலாம்.

ஆப்பிரிக்காவில் லைபீரியா தேசத்தில் உள்நாட்டு யுத்தம் நடந்தபோது, 2003இல் லேமா போவி என்ற அம்மையாரும் தோழிகளும், கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களுமாக வெள்ளை உடுத்தித் தெருவில் உட்கார்ந்தார்கள். அக்ரா நகரில் சமாதானப் பேச்சு இழுபறியானபோது, பேசி முடிக்கும் வரை யாரும் வெளியே போகக் கூடாதென்று மண்டபத்து வாசலை மறித்தார்கள். அவ்வருஷம் ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 

தோழர்களே! 2024ஆம் வருஷக் கணக்குப்படி உலகத்தில் 12,000க்கு மேற்பட்ட அணுகுண்டுகள் இருக்கின்றன. இனி வழக்கு நடந்தால் விற்று அடைக்க அரை ஏக்கர்கூட மிஞ்சாது. ஆகையால் யாராவது "யுத்தம், யுத்தம்" என்று கூச்சலிட்டால் நான்கு கேள்வி கேளுங்கள்: ஜெயம் நிச்சயமென்று சொல்கிறவன் யார்? பயம் காட்டுகிறவன் யார்? செலவும் சாவும் யார் தலையில்? வீட்டுப் பெண்களைக் கேட்டாயிற்றா?

என் தகப்பனாரும் பெரியப்பாவும் கடைசியில் பேசிக் கொண்டார்கள். பெரியப்பாவுக்குப் பேச்சு நின்று போன பிறகு, ஆஸ்பத்திரியில். என் தகப்பனார் கட்டிலண்டை உட்கார்ந்து கையைப் பிடித்துக் கொண்டார். பேசினது அவர் ஒருவர்தான். அந்தக் கையைப் பதினோரு வருஷத்துக்கு முன்பே பிடித்திருக்கலாம் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

நான் சொன்னதை அப்படியே நம்பிவிடாமல் வீட்டில் போய் யோசித்துப் பாருங்கள். பெண்களையும் கூட உட்கார வைத்துக் கொண்டு யோசியுங்கள்.